கல்யாணத்துக்கு முன் வந்த பிப்ரவரி

எங்கள் யார்க்‌ஷர் கிராமத்துத் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளை நாற்பது ஆண்டுகளாகப் படியெடுத்து வருபவர் ஈனிட் போலார்ட், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஏட்டில் உள்ள பிழையைக்கூடத் திருத்தமாட்டார்.

ஊர் வரலாற்று நூலுக்கு அவர் எழுதிய ஒரு பக்கம் அச்சாகும் முன்பே ஊர் மதுக்கடையான பப்புக்குப் போய்விட்டது. ஜெத்ரோ கார்பட்டுக்கு 1731 ஏப்ரலில் திருமணம். அவர் மகனுக்கு 1731 பிப்ரவரியில் ஞானஸ்நானம்.

"உங்க பாட்டன் கல்யாண விருந்துக்கு முன்னாடியே வந்து இடம் பிடிச்சிட்டாராமே" என்று அங்கே இருந்தவர்கள் ஜெத்ரோவின் வழிவந்த டெஸ்மண்ட் கார்பட்டைச் சீண்டினார்கள். அவர் முகம் சிவந்து ஈனிட்டிடம் வந்தார்.

"அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடு, ஈனிட். குடும்பப் பேரு போகுது."

"எடுக்க மாட்டேன். இதைப் பாரு."

பதிவேட்டில் 1731 டிசம்பருக்குக் கீழே ஜனவரி இருந்தது. அதற்கும் 1731தான்.

"அப்பல்லாம் புது வருஷம் மார்ச் இருபத்தஞ்சுலதான் பொறக்கும். ஏப்ரல்ல கல்யாணம், அதுக்கப்புறம் வர்றதுதான் இந்த பிப்ரவரி."

டெஸ்மண்ட் விரல்விட்டு எண்ணினார். பத்து மாதம்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? பப்புலல்ல போய் உக்காந்திருந்த."

நூலில் ஈனிட் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். தேதிகளைத் தொடவில்லை. அந்தப் பக்கத்தை டெஸ்மண்டே பப்பின் சுவரில் ஒட்டினார்.