கட்டிலுக்கடியில் வைத்த வூஃபர்

போன வாரம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்து மானத்தைத் தொலைத்துவிட்டு வந்தேன். டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் ஒரு மாதமாக நச்சரிப்பு. கடையில் இருந்த பெண், "சார், பேஸ் எப்படி இருக்குன்னு கேளுங்க" என்று ரிமோட்டை அழுத்தினாள். தரையிலிருந்து ஒரு உறுமல் கிளம்பி, செருப்புக்குள் ஏறி, முழங்காலுக்கு வந்தது. அடுத்த கணம் நான் கடைக்கு வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஐம்பதைத் தொட்டவன், படியேறினால் மூச்சு வாங்குகிறவன், அவ்வளவு வேகமாக நகர்ந்து பல வருடமாகிறது. கண்ணாடிக்கு உள்ளே அந்தப் பெண் ரிமோட்டும் கையுமாகத் திகைத்து நின்றாள். திரும்பிப் போய், "போன் வந்துச்சும்மா" என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தேன்.

கடை முழுக்கப் புதுப் பலகையும் பசையும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்கு அக்கா வீட்டுக்காரர் ஞாபகம் வராமல் போகாது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு காம்பவுண்டுக்குள், ஒரு அறையும் அதை ஒட்டி ஒரு சமையலறையுமாக அவர்கள் வீடு. பீன்யா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து வந்த நானும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தேன். அறை எவ்வளவு பெரியது என்றால், ராத்திரி பாய் விரித்த பிறகு யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். அந்த அறைக்குள்தான் சினிமா தியேட்டரைக் கொண்டுவரப் போவதாக மாமா அறிவித்தார்.

மாமாவுக்குச் சத்தத்தின் மேல் ஒரு கிறுக்கு. படத்துக்குப் போனால் கதையைச் சொல்ல மாட்டார். "ஹெலிகாப்டர் பின்னாலேர்ந்து வந்து தல மேல போச்சுடா" என்பார். எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஆம்ப்ளிஃபையர், ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய வூஃபர் எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தார். வூஃபருக்குப் பெட்டி மட்டும் தானே பலகை அறுத்துச் செய்தார். அக்காவுக்கு நிறைமாதம். "கொழந்த பொறந்துட்டா இதெல்லாம் எங்க வெக்க வுடுவீங்க?" என்று அவசரம் அவருக்கு. அவசரத்தில் நியாயம் இருந்தது, அது வேறு விஷயம்.

பிரசவத்துக்காக அம்மா கே.ஜி.எஃப்பிலிருந்து வந்திருந்தாள். கோலார் தங்கவயல் என்று சொன்னால்தான் சிலருக்குத் தெரியும். அப்பா அங்கே சுரங்கக் குடியிருப்பின் லைன் வீட்டில் தனியாக இருந்து பொங்கித் தின்றுகொண்டு சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவின் உடம்பு இங்கே இருந்ததே தவிர, காது அங்கேதான் இருந்தது. காலையில் கடிகாரத்தைப் பார்ப்பாள். "இப்ப எறங்கியிருப்பாரு" என்பாள். மத்தியானம் பார்ப்பாள், "மேல வந்திருப்பாரு" என்பாள். அதற்கப்புறம்தான் சோற்றில் கை வைப்பாள்.

உங்களுக்கு ஏர்பிளாஸ்ட் தெரியுமோ என்னவோ. பூமிக்குள் வெகு ஆழத்தில், மேலே இருக்கிற பாரமெல்லாம் அழுத்தி அழுத்தி, ஒரு நேரம் பாறை தாங்காமல் வெடித்துவிடும். மேலே ஊரே ஒரு குலுங்கு குலுங்கும். வீட்டில் முதலில் சத்தம் போடுவது பாத்திரங்கள்தான். அதனால் எங்கள் லைனில் யாரும் தட்டுகளை நிற்க வைக்க மாட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைப்பார்கள். சும்மா லாரி போனதற்கெல்லாம் தட்டு சத்தம் போட்டால் எந்தப் பெண்தான் தாங்குவாள்? பாத்திரம் ஆடினால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லாப் பெண்களும் தெருவுக்கு வருவார்கள். "எந்த ஷாஃப்ட்?" என்பதுதான், அதாவது எந்தச் சுரங்கக் குழி என்பதுதான், முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட். மூன்றாவது கேள்வி கிடையாது, ஓட்டம்தான்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வாத்தியாரின் கை நின்றுவிடும். ஒவ்வொருவனும் தன் அப்பாவின் ஷிப்டை நினைத்துப் பார்ப்பான். அன்றைக்கு அப்பா வீட்டில் தூங்குகிறார் என்றால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை முகத்தில் காட்டக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்போம். பயம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த மேஜையில் யாரோ காம்பஸால் கீறி வைத்திருந்த கோடுகள்தான்.

சரி, மாமாவுக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை. என் கம்பெனிக்கு அன்றுதான் வார லீவு, மாமா லீவு போட்டிருந்தார். காலையிலிருந்து ஆணி அடித்தோம். பின்பக்க ஸ்பீக்கர்களில் ஒன்றைச் சாமி படத்துக்குப் பக்கத்திலும், இன்னொன்றைத் துணிக் கொடிக்கு மேலேயும் மாட்டினோம். ஒயரைப் பாய்க்கடியில் ஓட்டினோம். ஈயம் உருகுகிற புகையில் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது, வூஃபருக்கு மட்டும் இல்லை. கடைசியில் இரும்புக் கட்டிலுக்கு அடியில், சமையலறைச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டோம். அந்தச் சுவரின் மறுபக்கம் அக்காவின் புது ஸ்டாண்டு. பட்டணத்து வழக்கப்படி தட்டுகள் அதில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கட்டிலின் மேல் அம்மா உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா ஒரு சண்டைப் படத்தின் சிடியைப் போட்டார். "பாலம் வெடிக்கிற சீன்" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். பாலம் வெடித்தது. கட்டில் உதறியது, சுவர் அதிர்ந்தது, அந்தப் பக்கம் தட்டுகள் மொத்தமும் கடகடவென்று ஆடின. மாமா பரவசமாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். கட்டிலில் பூ மட்டும் கிடந்தது, அம்மா இல்லை.

நான் வெளியே ஓடினேன். அம்மா வெறுங்காலோடு காம்பவுண்டு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டுமா? எதிர்வீட்டு ரோஸி அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். அவளும் எங்கள் ஊர்தான், தம்பி சுரங்கத்தில் இருந்தான். கோடி வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்த எங்கள் ஊர்க்காரப் பெண், தலையில் பாதி சோப்பு நுரையோடு நின்றாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஷாஃப்ட்?" என்று ரோஸி அக்காதான் கேட்டாள்.

பெங்களூரில், ஜோகுபாளையத்தில், பட்டப்பகலில். வீட்டு ஓனர் அம்மா மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏனாய்த்து ரீ?" என்று கன்னடத்தில் கேட்டார். என்ன ஆயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? மாமா வாசலுக்கு வந்து, அசட்டுச் சிரிப்போடு, "வூஃபர்தான்க்கா" என்றார். ரோஸி அக்கா ஒரு நிமிஷம் அவரை முறைத்தாள். பிறகு கரண்டியை ஓங்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நுரைத்தலைப் பெண்ணும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"அது பொட்டி சத்தம்னு தெரியுதுடா," என்றாள் என்னிடம். "ஒடம்புக்குத் தெரியலியே. ஒங்கப்பா இப்ப உள்ள கீறாரு. எனக்கு அவரப் பாக்கணும்."

தெருமுனை பூத்திலிருந்து எங்கள் லைனில் இருந்த மளிகைக் கடைக்கு போன் போட்டேன். கடைக்காரர், "இங்க ஒரு சத்தமும் இல்லையேப்பா, எல்லாம் நல்லாத்தான் கீது" என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க," என்றாள். "ஒண்ணுமில்ல வாம்மான்னு சொல்லித்தான் பக்கத்து வீட்டுக்காரிய, அவ புருஷன் செத்த அன்னிக்கு, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க." அக்காவை ரோஸி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, ஓல்ட் மெட்ராஸ் ரோட்டுக்கு நடந்தோம். அந்த ரோடுதான் எங்கள் ஊருக்கும் போகிறது. வந்த பஸ்ஸைக் கை காட்டி ஏறினோம்.

வழியெல்லாம் அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. ஓசகோட்டை வரைக்கும் எனக்குச் சிரிப்புதான். ஒரு சினிமாப் பாலம் வெடித்ததற்கு இரண்டு பேர் டிக்கெட் வாங்கி ஊருக்குப் போகிறோமே என்று. கோலார் தாண்டியதும் சிரிப்பு நின்றது. ஒருவேளை என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை அம்மாவின் உடம்புக்கு ஏதோ தெரிந்திருந்தால்? தூரத்தில், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வெள்ளையாகத் தெரிந்தபோது நான் வாய்க்குள் சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்தேன். படித்தவன், கம்பெனியில் வேலை பார்க்கிறவன், இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஷாஃப்ட் வாசலுக்குப் போனோம். முதல் ஷிப்ட் மேலே வருகிற நேரம். கூண்டு வந்து நின்று, ஆட்கள் இறங்கி, சேறும் வியர்வையுமாகக் கும்பலாக வந்தார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். அம்மா என் கையை விட்டாள். அந்தக் கும்பலில் அவருடைய நடையை அவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள்.

இனிமேல்தான் விபரீதம். அப்பா எங்களைப் பார்த்தார். பெங்களூரில் மகளின் பிரசவத்துக்கு இருக்க வேண்டியவள், செருப்புக்கூட இல்லாமல், சுரங்க வாசலில் நின்று அழுகிறாள். அவர் முகத்தில் இருந்த அழுக்குக்குக் கீழே முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்றார். அக்காவைத்தான் அவர் பாப்பா என்பார். யாரும் பதில் சொல்வதற்குள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகலபா, அக்கா நல்லாத்தான் கீது," என்று கத்தினேன்.

"பொய் சொல்லாதடா," என்றார். "ஒண்ணுமில்லாமயா ஒங்கம்மா இப்டி அழுவா?"

வூஃபர், பாலம், தட்டு என்று நான் விளக்க விளக்க, மகன் எதையோ மறைக்கிறான் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. கை கால் மட்டும் கழுவி, ஒருவரிடம் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு அவரும் பஸ் ஏறினார். இப்போது அம்மா நிம்மதியாக ஜன்னலில் சாய்ந்து தூங்கினாள். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சுரங்கத்துக்குள் பயமே இல்லாத மனுஷர் என்று ஊரில் பெயர் வாங்கியவர், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் "இன்னும் எவ்ளோ தூரம்டா?" என்று கேட்டார்.

பொழுது சாய்கிற நேரம் வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்கா வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு உப்புமா தின்றுகொண்டிருந்தாள். அப்பா வாசலிலேயே நின்று அவளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடி, எனக்குக் கொஞ்சம் கீதா?" என்றார். ரோஸி அக்கா காம்பவுண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி மாமாவைத் திட்டினாள்.

சாப்பிட்டபின் அப்பா, "எங்க, அந்தச் சத்தத்த வையி, கேப்போம்" என்றார். மாமா பயந்து பயந்து, சின்னதாக வைத்தார். அப்பா உள்ளங்கையைத் தரையில் வைத்துக் கேட்டார். பிறகு சாதாரணமாக, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "மேல இருக்கறவங்களுக்குத்தான் இந்த மாதிரி கேக்கும். பக்கத்துல வெடிச்சா சத்தம் காதுக்கு வராது. காத்து வந்து தள்ளும், அவ்ளோதான்."

சுரங்கத்துக்குள் என்ன நடக்கும் என்று அவர் வீட்டில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அம்மா தட்டுகளை எடுத்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. மாமா அன்றே வூஃபரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். அடுத்த வாரம் பிறந்த குழந்தையின் துணிகளை அந்தப் பெட்டி மேல்தான் மடித்து வைத்தார்கள். அதற்கப்புறம் படத்தில் ஹெலிகாப்டர் வந்தால் கொசு மாதிரி கேட்கும். மாமா பெருமூச்சு விடுவார்.

சில வருடத்தில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஜோகுபாளையத்துக்கே வந்துவிட்டார்கள். பக்கத்துப் போர்ஷன் காலியானது வசதியாகப் போயிற்று. வந்து அப்பா நான்கைந்து மழைக்காலம் இருந்திருப்பார். ஒரு மார்கழி மத்தியானம், அப்பா பாயில் படுத்திருந்தார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பிதுக்கி முடித்துக் காபிக்கு எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவில்லை. நான் பீன்யாவிலிருந்து ஓடி வந்தபோது பருப்புக் கிண்ணம் இன்னும் அங்கேயே இருந்தது. "பக்கத்துலதான்டா இருந்தேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சத்தமும் கேக்கலியேடா." வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

இப்போது அந்தக் காம்பவுண்டு இல்லை, நாலு மாடி எழுந்துவிட்டது. ரோஸி அக்கா மகனோடு போய்விட்டாள். சுரங்கத்தில் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதில்லை, கூண்டு இறங்குவதில்லை, யாரும் கடிகாரம் பார்த்துச் சோற்றில் கை வைப்பதில்லை. ஆனால் அதெல்லாம் போனது எனக்கு உறைத்தது வேறொரு நாள். காம்பவுண்டை இடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மெட்ரோவுக்காக ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏதோ பெரிய கான்கிரீட் பாளம் ஒன்று விழுந்து, வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. சமையலறையில் பாத்திரங்கள் ஆடின. நான் வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றேன். அக்காவும் அவள் பெண்ணும் ஓடி வந்தார்கள். அம்மாவைக் காணோம். பதறிப்போய் உள்ளே பார்த்தேன். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வெளிய வாம்மா!" என்று கத்தினேன்.

"ஓடிப்போய் இனிமே யாரடா பாக்கறது?" என்றாள்.