பூஜ்ஜியம் என்று வந்த ஆறு நாட்கள்

குன்னூரிலிருந்து கோத்தகிரி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் இருந்தது, அதில் உட்காரும் பொறுமை இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் வேலையை விட்டிருந்தேன். கட்டபெட்டுக்கு முன்னால் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் ஒரு பெண்மணி இருந்தார். அவர் வேலை போனதற்கு நானும் ஒரு காரணம் என்று அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஓட்டல், லாரி, கேரட் கழுவும் இடம் என்று எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. குன்னூரில் பேக்கரிக்கு மேல்மாடியில் நாலு பேர் நடத்திய கம்பெனியில் பெட்டி தூக்கத்தான் சேர்ந்தேன். கைக்கடிகாரம் எண்ணும் நடை, நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் எடுத்து ஏஐ ஏஜென்டுக்குக் கொடுக்கும் ஒரு கருவியை அவர்கள் செய்திருந்தார்கள். யாராவது கேள்வி கேட்டால் ஏஜென்ட் அந்தக் கருவியைக் கூப்பிட்டு, எண்களை வாங்கிப் பதில் சொல்லும். எனக்குத் தமிழ் எழுத வரும் என்று தெரிந்ததும் கருவிக்கான விளக்கக் குறிப்பை என் தலையில் கட்டினார்கள். அந்தக் குறிப்பை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை. ஏஜென்டும் அதைப் படித்துத்தான் வந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்கிறது.

எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களுக்குத் தராசு இருக்கிறது. புல் வெட்டுகிறவர்களின் வேலையை எதில் நிறுப்பது? அதனால் எஸ்டேட் எங்கள் கருவியை வாங்கியது, அவர்கள் கையில் கடிகாரம். கொண்டுபோய்க் கட்டியவன் நான்தான். மழையில் பட்டைக்குள் சேறு புகுந்து தோல் உரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புல் வெட்டும் அந்தப் பெண்மணி ஒருநாள் மணிக்கட்டைக் காட்டினார்.

"வெந்த மாதிரி இருக்கு பாருங்க தம்பி. கழட்டி சாப்பாட்டுப் பையில போட்டுக்கிட்டா தப்பா?"

"தப்பில்லீங்க்கா. அந்த நேரத்துக்கு எண் இல்லாம காலியா வரும், அவ்வளவுதான்."

அப்போது அப்படித்தான் வந்தது. பிறகு, காலியாக இருந்தால் கணக்கு நின்றுபோகிறது என்று கருவியை எழுதிய இளைஞன் அந்த இடத்தில் பூஜ்ஜியம் வரும்படி மாற்றினான். நான் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'பூஜ்ஜியம் வந்தால் கடிகாரம் கையில் இல்லாமலும் இருக்கலாம், ஆள் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்யக் கூடாது.' அந்த நாலு பேரில் முதலாளி, என்னைவிட இளையவர், படித்துச் சிரித்தார்.

"நம்ம பொருளை நாமே சந்தேகப்பட்டா எவன் வாங்குவான்ணா?"

அந்த வரியை அழித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

நான் வேலையை விட்ட அன்று காலை எஸ்டேட்டிலிருந்து பாராட்டுச் செய்தி வந்தது. முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். புல் வெட்டும் ஒரு பெண் ஆறு நாள் வேலையே செய்யாமல் ஓய்வெடுத்ததை ஏஜென்ட் கண்டுபிடித்ததாம். இந்த மாதம் அவர் பெயரை நிரந்தரமாகப் பதிய இருந்தார்களாம். இனி வேலையும் இல்லை, லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லியாயிற்றாம். பெயரைக் கேட்டதும் தெரிந்தது, மணிக்கட்டைக் காட்டிய அதே அக்கா.

"ஓய்வெடுத்தத யாருங்க பாத்தது?" என்றேன்.

"டேட்டா இருக்குண்ணா."

"நாடித்துடிப்பையும் பாருங்க. அதுவும் பூஜ்ஜியந்தான். ஆறு நாளா செத்தா கெடந்துச்சு அந்தக்கா? பையில கெடந்தது கடியாரமுங்க!"

அவர் திரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "மானேஜருக்கு ஒரு போன் போடுங்க" என்றேன்.

"இப்ப சொன்னா கான்ட்ராக்ட் போயிடும்ணா. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம்."

அடுத்த வெர்ஷன் வரும்போது அந்தம்மா எந்த வீட்டில் இருப்பார் என்று கேட்டேன். அவர் திரையை மூடினார். வேலையை விட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கிவிட்டேன்.

லைன் வீட்டு வாசலில் அந்தப் பெண்மணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அஞ்சு வருசமா வெட்டுறேன். மேஸ்திரி பாத்தாரு, கூட வெட்டுனவளுக பாத்தாளுக. மானேஜர் தொரை போயி கடியாரத்தயா கேட்டாரு?"

"நான் அந்த வேலைய விட்டுட்டு வந்துட்டனுங்க்கா."

"எனக்குப் போச்சு, நீ விட்டுட்டு வந்து பெரும பேசுற. எழுதத் தெரியும்ல? எழுது."

அவர் மகளின் நோட்டில் மானேஜருக்குக் கடிதமாக எழுதினேன். கழற்றினால் தப்பில்லை என்று சொன்னது நான், பூஜ்ஜியம் வரவைத்தது கருவி, எச்சரிக்கை வரியை அழித்தது முதலாளி. கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நாளைக்குக் காலையில பெரட்டுல ஆளப் பிரிச்சு வேலைக்கு அனுப்பறப்ப, நான் வெட்டுற நிரைக்கு வேற ஒருத்தி வந்துட்டா, இந்தக் கடுதாசி அடுப்பெரிக்கத்தான் ஆகும். நீ வந்து என் எடத்துல நில்லு. நான் ஆபீசுல கடுதாசியக் குடுத்து, வேலைய வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்ததும் விட்டுட்டு ஓடு. ஓடத்தான் உனக்கு நல்லா வருதே."

மறுநாள் காலை தூறலில் பெரட்டுக்கு நின்றேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புல்லு வெட்டிப் பழக்கமா?"

"இல்லீங்க."

"எத்தன நாளைக்கு?"

"அந்தக்கா வர்ற வரைக்குமுங்க."

அவர் என்னைத் தற்காலிகமாக எழுதிக்கொண்டு ஒரு கத்தியை நீட்டினார். சரிவில் ஏறி அந்தப் பெண்மணியின் நிரையில் நின்றேன். கீழே அவர் கடிதத்தோடு எஸ்டேட் ஆபீஸ் படியில் ஏறிக்கொண்டிருந்தார். குனிந்து வெட்ட ஆரம்பித்தேன்.