அடைத்த பைப்பும் கசிந்த கல்லும்

என் காப்பித் தோட்டத்தில் பாதி மண்ணுக்குள் போனதற்குக் காரணம் மழை இல்லை. நீங்கள்தான், இன்ஜினியர் ஐயா.

வாழவந்தி சாலைக்குக் கீழே என் தோட்டமும் வீடும். சாலையைத் தாங்கி நின்றது பழைய கல்லுக்கட்டு. சிமென்ட் இல்லை, வெறும் கல்லை அடுக்கியது. அதில் தோட்டத்துப் பக்கம் பாதியை இடித்து கான்கிரீட் சுவர் எழுப்பினீர்கள். 'ரிடென்ஷன் வால்' என்று பலகையும் வைத்தீர்கள்.

"ஏனுங்க, அப்படின்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"புடிச்சு வெக்கிற சுவரும்மா. எதையும் விடாது" என்றீர்கள்.

"நம்ம அக்காவோட மாமியா மாதிரிங்க" என்றார் உங்கள் மேஸ்திரி, என்னைக் காட்டி. எல்லோரும் சிரித்தோம்.

தண்ணீர் வெளியேற சுவரில் பைப் வைத்திருந்தார்கள். செம்மண் தண்ணீர் வடிந்து புது மஞ்சள் பெயின்டில் கறை விழுந்தது. திறப்பு விழாவுக்கு முதல் நாள் எல்லா பைப்பையும் சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னீர்கள். சுவருக்குக் கீழே காப்பி காய்கிற களத்தில் இனிச் சொட்டாது என்று சந்தோஷப்பட்டு, உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் நான்தான். அந்தப் புத்தியை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி மழை நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை உங்கள் சுவர் வயிறு தள்ளி நின்றது. பத்து மணிக்கு விழுந்தது. செடிகள், மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரம், எல்லாம் அடியில்.

வீட்டுக்கு மேலே இடிக்காமல் விட்ட கல்லுக்கட்டும் போயிருக்கும் என்று ஓடினேன். போய் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு கல்லிடுக்கிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கையில் ஏந்திப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். ஒரு சிட்டிகை மண் இல்லை. மேலே பஸ் போகிற சாலை, அத்தனை பாரம். ஒரு கல்கூட அசையவில்லை. இருபது வருஷமாக அதன் அடியில் துணி காயப்போடுகிறேன், அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். மண்ணை வைத்துக்கொண்டது, தண்ணீரைப் போகவிட்டது. சருகு மூடிய என் தோட்டத்து மண்ணும் அதைத்தான் செய்கிறது. வேருக்கு வேண்டிய ஈரத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஓடைக்கு அனுப்புகிறது. 'ரிடென்ஷன்' என்ற சொல்லுக்கு நீங்கள் சொன்ன அர்த்தம் தப்பு.

இப்போது அந்தக் கல்லுக்கட்டையும் இடித்து அதே சுவரை நீட்டப் போகிறீர்களாம். அதற்கு நேர் கீழே நாங்கள் படுத்துத் தூங்குகிறோம். ஆபீஸில் வந்து கேட்டால் மழை, மழை என்கிறீர்கள். கல்லில் கை வைப்பதற்கு முன் கிராம சபைக்கு வாருங்கள். மைக்கைப் பிடித்து ஊரே கேட்கும்படி சொல்லுங்கள்: பைப்பை ஏன் அடைத்தீர்கள்?