கேசரோல் வெந்த இடம்

எங்கள் வீட்டில் இருந்த டிவி எங்களுடையது அல்ல. கோத்தகிரி அத்தை, தன் மகன் பத்தாம் வகுப்பு படிக்கும் வருடம் அது கண்ணில் படக்கூடாது என்று எங்களிடம் கொண்டுவந்து போட்ட கருப்பு வெள்ளைப் பெட்டி. பரீட்சை முடிந்தது. அதற்குள் அத்தை கலர் டிவி வாங்கிவிட்டாள். பழையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

அப்பா குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையரில் வேலை பார்த்தார். ஈரத் தேயிலையைச் சூடான காற்றில் உலர்த்தித் தூளாக வெளியே தள்ளும் மெஷின் அது. இருபது வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவருக்கு எங்கள் டிவி மட்டும் ஆகாது. மூடுபனி இறங்கினால் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகும். நானும் தம்பியும் அந்தப் புள்ளிகளையும் விடாமல் பார்ப்போம். அவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஜீப்பில் ஏற்றி அனுப்புவதாக முடிவாயிற்று. அம்மா கெஞ்சியதற்கு, "இதப் பாத்து இந்த ஊட்ல யாராச்சும் உருப்படியா ஒண்ணு கத்துக்கிட்டீங்கன்னு காட்டு, இருக்கட்டும்" என்றார்.

சொன்னவர் மறந்துபோனார். அம்மா மறக்கவில்லை.

அந்த வாரம்தான் மதியச் சமையல் நிகழ்ச்சியில் ஒரு அம்மாள் கேசரோல் செய்து காட்டினாள். எங்களுக்கு அது இட்லி ஆறாமல் வைக்கும் டப்பாவின் பெயர். டிவி அம்மாளோ உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, பால் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, ‘அவன்’ என்ற கரண்ட் அடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். கிழங்கும் கேரட்டும் எங்கள் மலையில் கொட்டிக் கிடந்தன. அவனைத்தான் காணோம்.

அம்மா அசரவில்லை. திங்களன்று மண்ணெண்ணெய் அடுப்பில் மணலைப் பரப்பி அதன்மேல் சட்டியை வைத்தாள். அடி கருகியது, மேலே பால் குடிக்கலாம்போல் நின்றது. புதனன்று மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டாள். கேசரோலில் சாம்பல் விழுந்தது. இரண்டையும் நானும் தம்பியும் ஒரு வார்த்தை பேசாமல் தின்று தீர்த்தோம். டிவிக்காக அதற்கு மேலும் தின்றிருப்போம்.

வியாழனன்று அம்மா தன் தம்பியைப் பிடித்தாள். மாமா அதே ஃபேக்டரியில் உலைக்கு விறகு போடும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரமாகவில்லை. சனிக்கிழமை நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது இன்னொரு பையில் சட்டியும் போவதென்று ஏற்பாடு.

தேயிலைக்கு எந்த வாசமும் ஒட்டிக்கொள்ளும் என்பது எஸ்டேட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்பாவின் சாப்பாட்டில் வேலை நாளில் பூண்டு சேராது. மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு அம்மா ஃபேக்டரி கேட் பக்கம்கூடப் போகமாட்டாள். ஆனால் உலை இருப்பது பின்னால் தனிக் கட்டடத்தில். அங்கே விறகும் கரியும்தானே, தூள் ஏது? அந்தத் தைரியத்தில் அம்மா மலைப்பூண்டு இரண்டு கைப்பிடி உரித்துப் போட்டு, வெங்காயம் வதக்கிச் சேர்த்து, மேலே வர்க்கி பிஸ்கட்டை நொறுக்கித் தூவியிருந்தாள்.

உலை வாயில் வைத்தால் கருகிவிடும் என்றார் மாமா. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உலையிலிருந்து சூடான காற்று போகும் அகலமான இரும்புக் குழாயில், துப்புரவு செய்வதற்காக வைத்த சின்னக் கதவு ஒன்று இருந்தது. திறந்தார். உள்ளே புகையில்லை, சாம்பலில்லை, சுத்தமான சூடு. டிவியில் பார்த்த அவனேதான். சட்டியை வைத்துச் சாத்தினோம். அந்தச் சூட்டை விசிறி எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று மாமாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது மேலே பொன்னிறமாக முறுகியிருந்தது. அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நான் எந்தப் பள்ளிக்கூடப் பந்தயத்திலும் ஓடியதில்லை.

அப்பா அன்று வழக்கத்தைவிடத் தாமதமாக, வாடிய முகத்தோடு வந்தார். அம்மா எதுவும் கேட்காமல் சட்டியை முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். அப்பா குனிந்து முகர்ந்தார். முகர்ந்தவர் அப்படியே இருந்தார். வாசத்தில் சொக்கிவிட்டார் என்று தம்பியைக் கிள்ளினேன்.

"இத எங்க வெச்சு வேக வெச்ச?"

அம்மா பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள், அந்தச் சின்னக் கதவு வரைக்கும். அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். இரண்டாம் தடவை தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்லாருக்குது. டிவி இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் ஜீப் வெறுமனே திரும்பிப் போனது. அதைவிட அதிசயம் அடுத்த வாரத்திலிருந்து நடந்தது. இருட்டிய பிறகே வீடு வரும் அப்பா, நாலரைக்கெல்லாம் வந்து எங்களோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மா மட்டும் அந்தக் கேசரோலை மறுபடி செய்யவே இல்லை. எவ்வளவு நச்சரித்தும் மசியவில்லை. வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குப் போய் முதல் அவன் வாங்கிய வருடம், அதில் என்ன செய்யப்போகிறாய் என்று மாமா கேட்டார். கேசரோல் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அப்புறம்தான் சொன்னார். அந்தச் சனிக்கிழமை, தூளைக் கொதிநீரில் போட்டு ருசி பார்த்த டீமேக்கர் தூவென்று துப்பியிருக்கிறார். அந்தக் குழாய்க் காற்று நேரே டிரையருக்குத்தான் போயிருக்கிறது; இரண்டு மணி நேரத்துத் தூள் முழுக்கப் பூண்டு வாசம். யார் செய்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை அப்பா தானாகப் போய், டிரையர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுத் துவையலோடு சோறு தின்றது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். மாமாவின் வேலை பிழைத்தது. அப்பாவை டிரையரிலிருந்து எடுத்து, மலைச்சரிவில் செடி வெட்டும் கவாத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆட்களுக்கு நாலு மணிக்கு வேலை முடிந்துவிடும்.

கேட்டபோது எனக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. கவாத்துக்குப் போன அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஏறிய சிராயை அம்மாவின் ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளில் சாய்ந்து, "ஏனுங்கப்பா, இப்ப டிவி இருக்கறதுனாலதான நீங்க நேரத்துல ஊட்டுக்கு வாரீங்க?" என்று கேட்டேன். அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆமா கண்ணு" என்றார் அப்பா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். ஓடிப்போய்க் கூட்டி வைத்தேன்.