தசரதன் சுற்றாத மலை

என் சின்னம்மா சந்திரம்மாளின் மூத்த மகள் தனம். அவளைக் கட்டியவன் தசரதன், முறைக்கு எனக்கு மச்சான். அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம் தனம் இட்லிக் கடை போட்டிருந்தாள். மாவாட்டுவது, அவிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவள். தின்பது அவன். தின்றுவிட்டு, "மனசே சரியில்ல" என்று கட்டிலில் சாய்வான். அவனுக்கு மனசு என்று ஒன்று இருந்ததே அந்த டாக்டர் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

எண்பத்தொன்றாம் வருஷம் அது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு அந்தாண்டை ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வெளியூர் டாக்டர் ஒருவர் வந்து இறங்கினார். கவலையாலும் படபடப்பாலும் ஏறுகிற ரத்தக் கொதிப்பு, மலை சுற்றினால் இறங்குமா என்று ஆராய்ச்சி. கொதிப்புள்ள முப்பது ஆண்களைச் சேர்த்தார். அதில் தசரதனும் ஒருவன். பெண்கள் வேண்டாமாம். பெண்களுக்குக் கவலையே கிடையாது என்று எந்தப் புத்தகத்தில் படித்தாரோ!

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து அளப்பார்கள். மலை சுற்றி வந்தவர்களைச் சாயங்காலம் அரை மணி பெஞ்சில் உட்காரவைத்து மறுபடி அளப்பார்கள். காலையில் மட்டும் அந்த அரை மணி கிடையாது. வந்தவனை வந்த மூச்சோடு அளப்பதுதான். அளந்தவள் எங்கள் ஊர் நர்ஸ், தையல்கார மஸ்தானின் மகள் வஜீதா.

தசரதன் காலையில் தனத்தோடு சண்டை போட்டு, இரண்டு பீடி இழுத்து, சைக்கிளை விழுந்தடித்து மிதித்துப் போய்க் கையை நீட்டுவான். ஜாஸ்தி காட்டும். அதே சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பி, கடைக்குப் பின்னால் மத்தியானம் முழுக்கத் தூங்குவான். பிறகு காலில் புழுதியை அள்ளிப் பூசிக்கொண்டு, சைக்கிளை டாக்டர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிச் சாத்திவிட்டு, கும்பிட்டபடி உள்ளே நுழைவான். கம்மி காட்டும். முப்பது பேரில் அவனைப் போல் இறங்கியவன் இல்லை என்று டாக்டர் பூரித்துப்போனார். கூட ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கலாம் என்று அத்தனை படித்த மண்டைக்குத் தோன்றவில்லை.

தனத்துக்கு அந்த வருஷம் முழுக்கத் தலைவலி. மூக்கில் ரத்தம்கூட வந்தது. டாக்டர் வீட்டுக்கு அவள் இட்லி கொண்டுபோன ஒரு நாள், வஜீதா அவள் கையிலும் பட்டையைச் சுற்றினாள். பாதரசம் இருநூற்றிருபதில் போய் நின்றது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"இவங்க நம்ம லிஸ்ட்ல இல்லையேம்மா" என்றார். அவ்வளவுதான் அவர் வைத்தியம்.

வஜீதாதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் கை கால் விழுந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு மாசத்தில் தலைவலி விட்டது.

அது தசரதனுக்குப் பொறுக்கவில்லை. "மலை சுத்தினா எறங்குற நோவுக்கு மாத்திரை எதுக்குடி? எனக்கு எறங்கலையா? டாக்டரே எழுதி வச்சிருக்காரு!" என்று மாத்திரைகளைத் தன் டிரங்குப் பெட்டியில் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். மூன்றாம் நாள் அவளுக்குத் தலைவலி திரும்பியது. வஜீதா டாக்டரிடம் முறையிட்டாள். "சுத்தித்தான் பாக்கட்டுமே" என்று அவர் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தனமும் செங்கம் ரோட்டுக்கு வந்து நின்றாள்.

"சுத்தறேங்க. ஆனா புருஷன் முன்னால நடந்தாத்தானே பொண்டாட்டிக்குப் பலன்? நடங்க" என்றாள்.

வஜீதா அவள் காதருகே வந்து, "அக்கா, மாத்திரை இல்லாம நடக்காதீங்க. விழுந்துடுவீங்க" என்றாள்.

"நான் ஆமையாட்டம் வருவேன் வஜீதா. விழப்போறது யாருன்னு பாரு."

டாக்டர் வாசலில் நின்று வழியனுப்பினார். தசரதனால் மறுக்க முடியவில்லை. அடி அண்ணாமலை வந்ததும் வழக்கம்போல் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"எங்க போறீங்க? மலை அந்தப் பக்கம் இருக்குது."

"தண்ணி குடிச்சிட்டு..."

"சொம்புல இருக்குது. குடிச்சிட்டு நடங்க."

மீதிப் பாதி மலைக்கு மரத்துக்கு மரம் உட்கார்ந்தான். அவள் வெயில் தாழட்டும் என்று ஒவ்வோர் இடத்திலும் பொறுமையாகக் காத்திருந்து எழுப்பினாள்.

சாயங்காலம் பெஞ்சில் அரை மணி ஆனது. தசரதனுக்குப் பாதரசம் காலையில் நின்ற இடத்தையும் தாண்டி ஏறியது. டாக்டர் மெஷினைத் தட்டினார். வேறு மெஷின் வரவழைத்தார். அதுவும் அங்கேயே நின்றது.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது சார்" என்றாள் வஜீதா. "இவரு இன்னைக்குத்தான் சுத்தினாரு."

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி. இத விட்டுடலாம்" என்று ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஆராய்ச்சியில் இன்றைக்கும் கிடையாது. தசரதனின் போட்டோ மட்டும் இருக்கிறதாம், மலையால் குணமானவன் என்று.

குணமானவன் பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். "மாரு படபடங்குது டாக்டர்! எதனா மாத்திரை குடுங்க!"

தனம் குனிந்து அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தாள். அவன் கை எழவில்லை.

"மாத்திரை பொட்டியில இருக்குது" என்றாள். "நான் துன்னது போக மீந்தா தரேன்."

எண்பத்தெட்டில் மகள் உண்ணாமலையின் கல்யாணத்தில், முந்நூறு பேருக்குப் பந்தி பரிமாறினாள் தனம். தாலிக் கயிற்றில் அந்தச் சாவி ஆடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தசரதன் மலை மகிமை பேசிக்கொண்டிருந்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடி.