இறுகாத மூடிகள்

விரல் நீளமே இருக்கும் அந்தக் கண்ணாடிப் புட்டியில் மழைநீரை வழிய வழிய நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் பிள்ளைக்காம்பரா அக்கா. ஒரு குமிழி தெரிந்தாலும் திரும்ப ஊற்றுவார். இலங்கையில் யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வது அவர் வேலை. என் ஆய்வுக்காகக் காலைதோறும் மழைநீர் பிடித்து வைப்பதையும் ஏற்றிருந்தார்.

தண்ணீரில் கனத்ததும் இலேசானதுமாகச் சமதானிகள், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள், உண்டு. மூடி இறுகாவிட்டால் இலேசானது முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சிய தண்ணீரை வைத்து அந்த மழையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதை அக்காவிடம் ஒருமுறைதான் சொன்னேன். "காத்து போகாம மூடணும், அவ்வளவுதானே தம்பி? பால் போத்தல் மூடுற கைங்க இது" என்றார்.

யுத்த காலம். ஒருநாள் அவருடைய புட்டிகளோடு வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். சிப்பாய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தான். தமிழ்ப் பையன், பை நிறையப் புட்டி. அவன் விட்டதும் மூடிகளை அரைகுறையாகத் திருகிக்கொண்டு ஓடிவந்து ஏறினேன். என் அறையின் தகரக் கூரைச் சூட்டில் மூன்று வாரம் கிடந்த பிறகுதான் கவனித்தேன், எல்லாவற்றிலும் தண்ணீர் இறங்கியிருந்தது. சத்தமில்லாமல் மூடிகளை இறுக்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

முடிவு பிழையாக வந்ததும் என் பேராசிரியர், "அந்தப் பொம்பிள திறந்து போட்டிருக்கிறா" என்றார். என் வெளிநாட்டுப் படிப்புக்கான சிபாரிசுக் கடிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது. "இருக்கலாம் சேர்" என்றேன். சீ, என்ன வாய் இது!

பேராசிரியர் தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதினார். போத்தல் மூடத் தெரியாதவளிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று துரை அக்காவைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டார். "நீங்களே சொல்லுங்க தம்பி, நான் மூடாமயா குடுத்தேன்?" என்று என்னைக் கண்டபோது அக்கா கேட்டார். "பெரியவங்க முடிவு அக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

யுத்தம் முடிந்த வருடம், நானும் பேராசிரியராகிவிட்ட பிறகு, உண்மையைச் சொல்லப் போனேன். அக்காவுக்குக் கூன் விழுந்திருந்தது. மூடி விஷயத்தை நான் சொல்லி முடிக்க விடவில்லை.

"தெரியும் தம்பி. அந்த பஸ்ஸில நம்ம லயத்துல குடியிருக்கிற ஆளும் வந்தாங்க. ஆமிக்காரன் தொறந்து பாத்தத அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"பின்ன ஏன் தொரகிட்ட சொல்லல?"

"சொன்னா, அது என்னா தண்ணி, யாரு அந்தப் பையன்னு ஒங்களத்தானே ஆமிக்காரங்க தேடியிருப்பாங்க? வயசுப் புள்ளைங்க காணாமப் போன காலம் அது. நீங்களும் உசிருக்குப் பயந்துதானே வாய மூடிக்கிட்டீங்க, எனக்கு வெளங்காதா?"

"ஆமாக்கா" என்றேன். சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை.