துரையின் வீட்டுக்கு வழி

இதில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை. எழுத வேண்டாம் என்று கணவர் சொன்னார். எழுதுங்கோ என்று மகள் சொன்னாள். நடந்தது அவளுக்கு. அதனால் அவள் சொன்னதைக் கேட்கிறேன்.

என் பெயர் பேர்ளி. 2011இல் நாங்கள் பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். எனக்கு ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக்கடையில் வேலை. கணவர் வசந்தனுக்கு உணவகத்தில் சமையல் வேலை. ஒரே பிள்ளை விதுர்ஷா. அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவளுடைய கண் பழுதாகத் தொடங்கியது. பொழுது பட்டால் கதவில் இடிப்பாள். பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி விழுத்துவாள். கவனமில்லை என்று ஏசினேன். ஆஸ்பத்திரியில் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறதாம். பரம்பரையாக வருவதாம்.

"உங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கு இப்படி இருந்தது?" என்று டொக்டர் கேட்டார். "அது தெரிந்தால் எந்தப் பரிசோதனையில் தொடங்குவது என்று பார்க்கலாம்."

வசந்தன் வன்னி ஆள். அவர் பக்கத்தில் கேட்க ஆளில்லை. 2009 வைகாசியில் யுத்தம் முடிந்த பிறகு ஒருவருமே இல்லை.

மிஞ்சியது என் பக்கம்.

என் அப்பாவின் பெயருக்குப் பின்னால் பெல்லமி என்று ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. தோமஸ் பெல்லமி என்ற இங்கிலீஸ்காரன், வெள்ளையர்கள் பளைப் பக்கம் காடு வெட்டித் தென்னை வைக்கத் தொடங்கிய காலத்திலேயே வந்து தோட்டம் போட்டவன். எங்கள் வீட்டில் அவனைத் துரை என்றுதான் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் துரைக்குக் கண் தெரியாது, ஆள் பிடித்துத்தான் நடத்துவார்கள் என்று சின்ன வயதில் கேட்ட ஞாபகம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கினேன்.

எரிச்சல்தான் மிச்சம்.

பளைக் கோயில் பதிவுகள் யுத்தத்தில் எரிந்துவிட்டன. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தால், அடுத்த கிழமை எடுங்கோ என்பார்கள். அடுத்த கிழமையும் அதைத்தான் சொல்வார்கள். தோட்டம் இருந்த இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்றால், கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். வேறோர் இடத்துக்கு எழுதச் சொன்னார்கள். அந்த இடம் என்னைத் திரும்ப முதல் இடத்துக்கே அனுப்பியது.

இங்கிலாந்தில் துரையின் வம்சத்து அம்மா ஒருவரை இணையத்தில் கண்டுபிடித்தேன். மரியாதையாகத்தான் பதில் போட்டார். தோமஸுக்கு ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள், எல்லாரும் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார்கள். இலங்கையில் வேறு பிள்ளைகள் இருந்ததாக யாரும் சொன்னதில்லையாம்.

அப்படியென்றால் நான் யார் என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

விசயம் தெரிந்த ஒரே ஆள் அப்பாவின் அக்கா, மார்கிரட் மாமி. புறநகரான ஓல்னே-சூ-புவாவில் இருக்கிறா. மூன்று தரம் நேரில் போய்க் கேட்டேன்.

"துரையின்ரை கதையை என்னட்டைக் கேளாதை," என்றா.

"மாமி, பிள்ளையின்ரை கண்ணுக்காகக் கேக்கிறன்."

"அதுக்கும் கேளாதை."

எழும்பிப் போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டினா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அன்றைக்கு ரயிலில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அது ஐப்பசி. அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாக...

எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை. படிக்கட்டு விளக்கு ஆளியை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைந்துவிடும். விதுர்ஷாவுக்கு அந்தப் படி பெரும் பயம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கீழே நின்று போன் அடிப்பாள். யாராவது இறங்கிப் போய்க் கூட்டிவர வேண்டும்.

ஒருநாள் போன் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். வெளியே படிக்கட்டில் விளக்கு எரியவில்லை.

"என்னெண்டு வந்தனி?"

"ஓ, ஒரு அக்கா கூட்டிக்கொண்டு வந்தவா."

"எந்த அக்கா?"

"ஸே பா, தெரியேல்லை. தமிழ் அக்கா. கட்டடத்திலைதான் இருக்கிறா போலை."

அந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிர வேறு தமிழர் இல்லை.

கீழே இருக்கும் போர்த்துக்கல்காரக் காவலாளி அம்மாவிடம் கேட்டேன். புதிதாக ஒருவரும் வரவில்லை என்றா. யாருடைய வீட்டுக்கோ வந்த விருந்தாளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உதவியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து ஓடிவரத் தேவையில்லை.

அடுத்த கிழமை படிக்கட்டுச் சுவரில் ஈரம் கண்டேன். தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில், சுவரைத் தடவிக்கொண்டு போனது போல ஒரு கோடு. தொட்டு மணந்து பார்த்தேன். பாசி மணம்.

குழாய் உடைந்திருக்கும் என்றார் வசந்தன்.

ஆனால் அந்தக் கோடு எங்கள் கதவடியில் நிற்கவில்லை. மேலே போனது.

விதுர்ஷாவைக் கேட்டேன். "அந்த அக்கா என்ன கதைக்கிறவா?"

"பெரிசா ஒண்டுமில்லை. அவவின்ரை தமிழ் எனக்கு வடிவா விளங்காது." கொஞ்சம் யோசித்தாள். "துரையின்ரை வீட்டுக்கே போறாய்? வா, நான் காட்டுறன் எண்டுவா. துரை எண்டா ஆர் அம்மா?"

நான் துரையைத் தேடுவது அவளுக்குத் தெரியாது. கண் பரம்பரை நோய் என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடுவாள் என்று நாங்கள் அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

"அவ ஏன் லைற் போடுறேல்லை?"

"தேவையில்லையாம்."

அதோடு நான் அவளைத் தனியே ஏற விடவில்லை. ஒரு கிழமை நானே போய்க் கூட்டிவந்தேன். யாரும் வரவில்லை. சுவரும் காய்ந்துவிட்டது.

கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் கலியாணச் சேலை எடுக்க வந்தவர்கள் விடவில்லை. நான் கட்டடத்துக்குள் நுழைந்தபோது ஐந்தரை. வெளியே இருட்டி மழை பெய்துகொண்டிருந்தது. விதுர்ஷா கீழே நிற்கவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஆளியை அழுத்தினேன். விளக்கு எரிந்தது.

சுவரில் ஈரம். இந்தத் தரம் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏறினேன். மேலே காலடிச் சத்தம். மகளின் சப்பாத்துத்தான்.

"விது..."

காலடி நிற்கவில்லை.

மூன்றாம் மாடியில் விளக்கு அணைந்தது. ஆளியைத் தேடினேன். கை ஈரச் சுவரில் வழுக்கியது. அப்போது கேட்டது.

சர்ர்... சர்ர்...

யாரோ சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் சத்தம்.

எங்கள் மாடிக்கு வந்தேன். கதவு பூட்டியபடி இருந்தது. சத்தம் இன்னும் மேலே.

"விது, எங்கை போறாய்?"

"வீட்டுக்கு அம்மா." மிக அமைதியான குரல். எனக்கு இரண்டு மாடி மேலிருந்து.

ஓடினேன்.

ஆறாம் மாடிக்கு மேல் வீடு இல்லை. ஒரு சின்ன ஏணி. அதற்கு மேல் கூரை ஜன்னல். ஓடு மாற்றுகிறவர்கள் திறந்தபடி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

குளிர் காற்று முகத்தில் அடித்தது.

அந்த ஜன்னலின் மங்கல் வெளிச்சத்தில் அவளைக் கண்டேன்.

ஏணியின் உச்சியில். பாதி உடம்பு வெளியே.

இடது கையை முன்னே நீட்டியிருந்தாள். விரல்கள் மடங்கியிருந்தன. இன்னொரு கையைப் பிடித்திருப்பது போல...

அங்கே யாரும் இல்லை.

பாய்ந்தேன். ஏணியில் ஏறி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

அப்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஈரம். ஐஸ் போலக் குளிர்.

இழுத்தது.

என் தோள் ஜன்னலுக்கு வெளியே போனது. கீழே தெரு விளக்குகள். மழை. நான் கத்தினேனா என்று தெரியாது.

பின்னால் ஒரு கதவு திறந்தது. ஆறாம் மாடியில் இருக்கும் மாணவன் ஒருவன் சத்தம் கேட்டு வந்து விளக்கைப் போட்டான்.

கை விட்டது.

நானும் மகளும் ஏணியடியில் விழுந்து கிடந்தோம். "துரையின்ரை வீடு வந்திட்டுது எண்டவா," என்றாள் விதுர்ஷா. பிறகுதான் அழத் தொடங்கினாள்.

வசந்தன் நம்பவில்லை. கண் தெரியாத பிள்ளை மாடி மாறி ஏறிவிட்டாள் என்றார். என் மணிக்கட்டில் கன்றியிருந்த நீலத்தைக் காட்டினேன். ஏணியில் அடிபட்டிருக்கும் என்றார். சண்டை பிடித்துக் களைத்து, ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மார்கிரட் மாமியிடம் போனேன்.

மாமி என் கையைப் பார்த்தா. ரீவியை நிற்பாட்டினா.

"என்ன சொன்னவா எண்டு நான் சொல்லட்டே?" என்றா. "துரையின்ரை வீட்டுக்கே போறாய்? வா, நான் காட்டுறன்."



பிறகு சொன்னா. துரை முதலில் ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்தான். கலியாணம் இல்லை. தோட்டத்தில் வேலைக்கு வந்தவள். ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளையின் வழிதான் நாங்கள். பிறகு துரை இங்கிலாந்து போய் வெள்ளைக்காரியைக் கலியாணம் கட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு இரவே அந்தத் தமிழ்ப் பெண் தோட்டக் கிணற்றில் கிடந்தாள். விழுந்தாளா, தள்ளினார்களா, ஒருவருக்கும் தெரியாது.

"அவவின்ரை பேர் என்ன மாமி?"

"பேர் ஆருக்குத் தெரியும்."

ஒன்றரை வருடம் தேடியிருக்கிறேன். துரையின் மூன்று பிள்ளைகளும் எந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றுகூடத் தெரியும். இவளுக்குப் பெயரில்லை.

"என்ரை தங்கச்சி திரேசா," என்றா மாமி. "அவளுக்குப் பூனைக்கண். அது எங்காலை வந்தது எண்டு ஊரெல்லாம் விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சவள். ஒரு அக்கா வழி காட்டுறா எண்டு எனக்குச் சொன்னவள். மூண்டாம் நாள் அதே கிணத்திலை எடுத்தம்."

"திரேசா மாமிக்கும் கண் தெரியாதோ?"

"ஆர் சொன்னது? எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் கண் போகேல்லை. துரைக்குக் கண் தெரியாதெண்டது, அந்தக் கதையைக் கேட்டா எங்கடை கண்ணும் போகும் எண்டு வெருட்டப் பெரியாக்கள் சொன்ன பொய்."

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் இன்னும் கூடத் தேடுவாய். சொல்லாட்டி அலுத்து விடுவாய் எண்டு நினைச்சன்."

அன்றைக்கே தேடுவதை விட்டேன். வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த மாதமே லா சப்பலை விட்டு மாமியின் பக்கம் கீழ்த்தள வீடு ஒன்றுக்கு மாறினோம்.

அடுத்த வருடம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. விதுர்ஷாவின் நோய் வசந்தன் வழியால் வந்தது. என் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வசந்தன் முடிவுத் தாளை மடித்து வைத்தார். பிறகு, தன் சின்னத் தங்கச்சியும் பொழுது பட்டால் வேலியில் முட்டுவாள் என்றார். ஏசியிருக்கிறாராம்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

விதுர்ஷாவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். வேலைக்குப் போகிறாள், தனியே மெத்ரோவில் வருகிறாள். அந்த நாளைப் பற்றி அவளோடு பேசுவதே இல்லை. போன வருடம் நானாகத்தான் கேட்டேன்.

"துரையைத் தேடினது நான். நீ தேடேல்லை. பிறகு ஏன் உன்னட்டை வந்தவா?"

மகள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அம்மா, அவ முதல் நாளே உங்களைத்தான் கேட்டவா. அம்மா வேலைக்குப் போட்டா எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"பரவாயில்லை, நீ முன்னாலை வா, அம்மா பின்னாலை வருவா எண்டவா."